மணவிழாவில் ஒரு விளையாட்டுத்தாள்

திருமண வரவேற்பு என்றதும் இக்காலத்தில் நம் கண்முன் வருவது ஒரு நீண்ட வரிசை. மேடைமேல் மணமக்கள், கீழே பரிசும் கையுமாய் விருந்தினர். படம் எடுத்துக்கொள்ளக் காத்திருப்பது அரைமணி, பந்தியில் இடங்கிடைக்கக் காத்திருப்பது அரைமணி. அவ்வளவு நேரமும் பெண்வீட்டார் ஒரு பக்கமும் பிள்ளைவீட்டார் ஒரு பக்கமுமாய் அமர்ந்திருப்பர். ஒருவரோடொருவர் சொல்லாடுவதில்லை, ஒலிபெருக்கி சொல்லாட விடுவதுமில்லை.

முன்னாளில் இப்படியில்லை. மஞ்சள் நீர்க் குடத்தில் மோதிரத்தைப் போட்டு மணமக்களைத் தேடச் சொல்வர். யார் கை முந்துகிறது என்று இரு வீட்டாரும் சூழ்ந்து நின்று ஆரவாரிப்பர். நலங்கு நடத்தும் குடும்பங்களில் தேங்காய் உருட்டுவதும், ஒருவர் தலைமேல் ஒருவர் அப்பளம் நொறுக்குவதும், சம்பந்திகளைக் கேலி செய்து பாடுவதும் உண்டு. பல நாள் கல்யாணம் ஒரு மாலையும் ஒரு காலையுமாய்ச் சுருங்கியபின் இவற்றுக்குப் பொழுது குறைந்துவிட்டது. அவ்விடத்தை நிரப்ப, அச்சிட்ட விளையாட்டுத்தாளை விருந்தினர் கையில் கொடுக்கும் வழக்கம் இப்போது தலைகாட்டியிருக்கிறது. அயலார் வழக்கம் என்று சிலர் முகஞ்சுளிப்பர். தாளில் ஆடுவது நமக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க, அச்சிட்ட பரமபதப் படத்தை விரித்து ஆடியவர்கள்தாமே நாம்! மணமக்களுக்கு வாழ்த்துமடல் அச்சிட்டுப் பந்தலில் படித்து வழங்குவதும் நம் பக்கத்தில் பழகிய செய்தி. அம்மடலின் பின்புறம்தான் வெற்றிடமாகக் கிடந்தது.

அவ்வெற்றிடத்தில் நானும் ஒருமுறை கை வைத்தேன். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு தை மாதம், அறுவடை முடிந்த கையோடு, ஒரத்தநாட்டில் என் தம்பியின் மூத்த மகளுக்குத் திருமணம். தலைமையாசிரியர் புத்தி எங்கே போகும்? பத்து வினாக்கள் அச்சிட்டேன். கல்லணையைக் கட்டிய சோழன் யார்? திருக்குறளில் அதிகாரம் எத்தனை? மேட்டூர் அணை திறக்கப்பட்ட ஆண்டு எது? கரிகாலன், 133, 1934 என்று இளைஞர்கள் மளமளவென்று எழுதினர். முதலில் முடிப்பவர்க்குப் பரிசு என்றும் அறிவித்துவிட்டேன். பிள்ளைவீட்டுப் பெரியவர் ஒருவர் தாளை வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார். நாலாய் மடித்து மடியில் செருகிக்கொண்டு, வெற்றிலை போடுபவர்போல் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. புதாற்றில் தண்ணீர் விட்டால் எத்தனையாம் நாள் எந்த மடையில் ஏறும் என்று விரல்விட்டுச் சொல்லக்கூடியவர் அவர் என்பதைப் பிறகு அறிந்தேன். எங்கள் ஊர், இரண்டாம் சரபோசி மன்னர் நிறுவிய முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறிட்ட ஊர். அவ்வூரில், விருந்துக்கு வந்தவரைத் தேர்வெழுத உட்கார்த்தி வைத்தேன் நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இளைய மகளின் திருமணத்துக்கு வேறொரு தாள் எழுதினேன். அதற்கு ‘முறைத்தாள்’ என்று பெயர். எட்டே வினா, எல்லாம் உறவுமுறை. ‘மணமகளின் தந்தைக்குத் தங்கை, மணமகனுக்கு என்ன முறை?’ படித்த பிள்ளைகள் ‘அத்தை’ என்று எழுதினர். பெண்ணுக்குத்தான் அவர் அத்தை, மாப்பிள்ளைக்குச் சின்னம்மா. மாமனார் மாமன் என்றால், மாமனுடன் பிறந்தவள் தாய்முறைதானே! இக்கணக்கைப் பாட்டிமார் நொடியில் போட்டார்கள்.

ஒரு தாள் இருவருக்கு என்பது விதி. ஒருவர் பெண்வீடு என்றால் மற்றவர் பிள்ளைவீடு. ஒருவர் பள்ளிப்பிள்ளை என்றால் மற்றவர் 60 வயதைக் கடந்தவர். பிள்ளை படித்து எழுதும். பெரியவர் விடை சொல்வார். கடிகாரம் கிடையாது. எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும். பேனா கொடுக்கலாகாது, பென்சிலே நன்று. பட்டுப்புடவையில் மை பட்டால் வரும் வழக்கை யார் தீர்ப்பது? சிறுவர்களுக்காகக் கட்டத்தில் சொல் தேடும் ஆட்டமும் மறுபக்கம் சேர்த்தேன். ‘கொ’ என்னும் எழுத்தின் கொம்பையும் காலையும் கணிப்பொறி வெவ்வேறு கட்டத்தில் தள்ளிவிட்டது. அதைச் சரிசெய்ய அச்சகத்தில் ஒரு பிற்பகல் போயிற்று. ‘விகடகவி’போல் இருபுறமும் ஒன்றாய்ப் படிக்கும் மாலைமாற்றுச் சொற்களைத் தேடச் சொன்னதில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையுமே அப்படிப் பாடியிருக்கிறார் என்றேன், கேட்பாரில்லை.

மூத்தவளின் சம்பந்தி வீட்டாரும் அன்று வந்திருந்தனர். அப்பெரியவர் அருகில் புது மாப்பிள்ளை வீட்டுச் சிறுமி ஒருத்தியை அமர்த்தினேன். முதலில் தயங்கினார். பிறகு இருவர் தலையும் தாளின்மேல் கவிழ்ந்தன. பந்திக்கு அழைத்தும் எழவில்லை. கடைசியில் சிறுமியைக் கையிற் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். ‘மாப்பிள்ளையின் அண்ணன் மனைவி, பெண்ணின் தம்பிக்கு என்ன முறை?’ என்பது எட்டாம் வினா. விடைத்தாளில் நான் ‘மதினி’ என்று அச்சிட்டிருந்தேன்.

“சம்பந்தி, அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் அக்காள் தங்கைதானே? பெண்ணுக்கு அக்காள் என்றால் பெண்ணின் தம்பிக்கும் அக்காள்தானே?” என்றார்.

அவர் சொன்னதே சரி. என் பென்சிலை வாங்கி விடைத்தாளில் அந்தச் சிறுமியே திருத்தினாள்.