மரவள்ளியும் தைராய்டும்

 

தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். நியாலாஸ் தோட்டப்புறத்தில் மரவள்ளியைத் தெரியாதவர் யார்? ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசிக்குப் பதில் இந்தக் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்த குடும்பங்கள் நம்முடையவை.

சென்ற மாதம் நமக்குத் தெரிந்த ஓர் அக்கா சொன்னார்: "தைராய்டு என்றார்கள் தம்பி. கோபிஸ், கிழங்கு, சோயா எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பத்தியம்தான் இருக்கிறதே என்று மாத்திரையையும் விட்டுவிட்டேன்." அதனால்தான் இந்தப் பேச்சு.

அவர் கேள்விப்பட்டது முழுப் பொய்யல்ல. மரவள்ளியில் சயனைடைத் தரும் ஒரு பொருள் உண்டு. உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். (சிகரெட் புகைப்பவர் இரத்தத்திலும் இதே தயோசயனேட் கூடுகிறது, கிழங்கைக் குறை சொல்லும் ஆண்கள் கவனிக்கவும்!) 1928இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், கோபிஸையே முக்கியத் தீனியாகத் தின்ற முயல்களுக்குக் கழுத்தில் கழலை வந்ததை செஸ்னி என்ற மருத்துவர் குழு கண்டது.

ஆனால் நம் நாட்டுச் சரவாக்கைப் பாருங்கள். உட்புறக் கிராமங்களில் மரவள்ளி உண்ணும் மக்களிடம் முன்கழுத்துக் கழலை மிகுந்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் மேபர்லி என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் குழு ஒரு கிராமத்துக் குடிநீரில் அயோடின் சேர்த்தது. கழலைகள் சிறுத்தன. அங்கே பெரிய குறை அயோடின் பற்றாக்குறைதான். அது இருந்ததால்தான் கிழங்கு கெடுதல் செய்தது.

பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பிணிக்கு 250. அயோடின் உப்பு, கடல்மீன், முட்டை இருக்கும் வீட்டில் வாரம் ஓரிரு முறை கோபிஸ் பிரட்டல் ஒன்றும் செய்யாது. மரவள்ளியை மட்டும் தோலுரித்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கொழுந்தும் அப்படியே.

அயோடின் போதுமான இடங்களில் தைராய்டு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. அதைப் பத்தியம் சரிசெய்யாது, மாத்திரை வேண்டும். சோயாவின் தொல்லை வேறு: அது மாத்திரையைக் குடலில் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. சோயாப் பால் இன்னும் தள்ளி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. நோன்பு மாதத்தில் இரவு உண்டு சில மணி நேரம் கழித்தோ, ஸஹருக்கு அரை மணி முன்போ எடுக்கலாம். உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அக்கா மறுவாரமே கிளினிக்குக்குப் போனார். மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார். அவர் வீட்டில் கிழங்கும் மறுபடி வேகிறது.