விலை கொடுத்தும் நமதாகாத பொருள்

தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் பிற நகரங்களிலும் வாழும் நம்மவர்க்குப் பழம்பொருள் வாங்குதல் புதிதன்று. மாற்றலாகிச் செல்வோரிடம் கட்டிலும் அலமாரியும் வாங்கித்தான் நம்முள் பலர் குடித்தனம் தொடங்கினோம். விற்றவர் எந்த அலுவலகத்தார், எவ்வூருக்குப் போகிறார் என்பதெல்லாம் அப்போது தெரிந்திருக்கும். இணையச் சந்தையிலோ பொருளின் படம் தெரிகிறது, விற்பவர் தெரிவதில்லை.

சென்ற ஆண்டு நம் இல்லத்தில் நிகழ்ந்ததையே கூறுவோம். கல்லூரியில் சேர்ந்த மகளுக்காக, இணைய விளம்பரம் கண்டு, கைப்பேசி ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினோம். மெட்ரோ நிலைய வாயிலில் ஓர் இளைஞர் கொணர்ந்து தந்தார். பெட்டியும் ரசீதும் ஊரில் இருப்பதாகச் சொன்னார். விலை மலிவு, அதற்குமேல் கேட்க மனம் வரவில்லை. இந்தியில் பேரம் பேசி வென்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் வாரம் காவல் நிலையத்திலிருந்து மகளுக்கு அழைப்பு வந்தது.

ஒவ்வொரு கைப்பேசிக்கும் 15 இலக்க அடையாள எண் உண்டு. பறிகொடுத்தவர் காவல் நிலையத்தில் முறையிட்டு, மத்திய அரசின் பதிவேட்டில் அவ்வெண்ணை முடக்கக் கோரலாம். பின்னர் எவரேனும் அதில் சிம் அட்டையைச் செருகினால் காவலர்க்குத் தடயம் கிடைக்கும். அத்தடயம் நம் மகளிடம் வந்து நின்றது.

திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றிப் பெறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை என்பது 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு அவ்விடத்தில் நிற்கிறது. மெய்யாகவே அறியாதவர் குற்றவாளி அல்லர். ஆனால் "இவ்வளவு மலிவாக, ரசீதின்றி ஏன் வாங்கினீர்கள்?" என்று காவலர் வினவியபோது நாம் விடையின்றி நின்றோம். சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பது நம் தொழில். 'நம்பக் காரணம்' என்ற தொடரின் கனத்தை அன்றுதான் உணர்ந்தோம்.

குற்றம் நீங்கினாலும் உடைமை கிட்டாது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வாராது என்பதே 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொதுவிதி. பணத்தை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். அவருடைய எண்ணோ அணைந்து கிடந்தது. ரொக்கமாகத் தந்தமையால் வங்கிக் கணக்கின் தடயமும் இல்லை.

வாங்குமுன் கருவியில் *#06# என்று அழுத்தினால் அடையாள எண் தோன்றும். ரசீதில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிடுக. கே.ஒய்.எம். என்னும் ஆங்கில எழுத்துகளுடன் அவ்வெண்ணை 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், முடக்கப்பட்டதா என்பது தெரியும். பறிகொடுத்தவர் இன்னும் முறையிடாதிருப்பின் இச்சோதனையில் ஒன்றும் தென்படாது. ஆதலால் ரசீதும், விற்பவரின் அடையாளச் சான்றின் நகலும் இன்றியமையாதவை.

காவல் நிலையத்திற்கு உடையவரும் பெட்டியோடும் ரசீதோடும் வந்திருந்தார். மணிப்பூரிலிருந்து வந்து செவிலியர் பயிற்சி பெறும் பெண். அதிலிருந்த தாயின் படங்கள் அனைத்தும் அழிந்துபோயின என்று அறிந்து நெடுநேரம் பேசாதிருந்தார். நம் மகள் தன் சிம் அட்டையைக் கழற்றிக்கொண்டு, கைப்பேசியைக் காவலரிடம் ஒப்படைத்தாள்.