வண்டி கொதித்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்



கோடை உழவு நேரத்திலும் கதிர் அடிக்கும் நேரத்திலும் என்னிடம் அடிக்கடி வருகிற புகார் ஒன்று உண்டு. "சார், வண்டி கொதிக்குது. ரெண்டு குடம் தண்ணி ஊத்துனா கொஞ்ச நேரம் ஓடுது. மறுபடியும் கொதிக்குது" என்பார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பத்து, பதினைந்து வருஷம் உழைத்த டிராக்டரை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். வீட்டில் பழைய ஜீப்போ, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரோ வைத்திருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். தண்ணீரால் குளிர்கிற இஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். காற்றாலேயே குளிர்கிற டிராக்டர்களும் உண்டு. அவற்றுக்கு ரேடியேட்டர் கிடையாது. அவற்றின் பராமரிப்பு வேறு.

முதலில் ஒரு விஷயம். டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் சூடு 2000 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கும் போகும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டனோ பெரும்பாலும் அலுமினியக் கலவையில் செய்தது. அது உருகாமல் இருக்கிறதென்றால், சூட்டை உடனுக்குடன் ஒருவர் வாங்கிக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். அவர்தான் தண்ணீர். நீங்கள் ஊற்றுகிற டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உழவு வேலையாக மாறுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து போய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. இந்தப் போக்குவரத்து ஒரு நிமிஷம் தடைப்பட்டாலும் சூடு ஏறும்.

ஆகவே வண்டி கொதிக்கும்போது குடத்தைத் தேடாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள்.

முதலில் உங்கள் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறதல்லவா? ஆவி அடங்காமல் அதை யாராவது திறப்பார்களா? ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல், அரை கிலோ அழுத்தத்தில் சுமார் 111 டிகிரி வரை தாங்குகிறது. மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் போய்விடும். உள்ளே இருக்கிற தண்ணீர் அந்த நொடியே பொங்கி முகத்தில் அடிக்கும். முகமும் கையும் வெந்து போனால் ஒரு போகம் முழுக்கப் படுக்கைதான். மேல் ஹோஸைக் கையால் தொட முடிகிறதா, அமுக்கினால் மெத்தென்று அமுங்குகிறதா என்று பார்த்த பிறகே, தடித்த சாக்கை மூடியின்மேல் போட்டு, பாதி திருப்பி, ஆவியை விட்டு, பிறகு முழுதும் திறக்க வேண்டும்.

இஞ்சினை உடனே நிறுத்த வேண்டுமா என்று கேட்பீர்கள். தண்ணீர் சிந்தவில்லை, ஆவி வரவில்லை, முள் மட்டும் சிவப்புக்குப் போகிறது என்றால் பாரத்தை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாக ஓட விடுங்கள். சூடு சமமாக இறங்கும். இறங்காமல் மேலும் ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஆவி கிளம்பினாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் கொட்டினாலோ ஒரு நொடியும் யோசிக்காமல் நிறுத்த வேண்டும். கொதிக்கிற இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். அடுப்பில் காய்ந்த மண்சட்டியில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

இனி காரணம் கண்டுபிடிக்கும் வழிக்கு வருவோம். ஒரே ஒரு கேள்வியில் ஆரம்பியுங்கள்: தண்ணீர் குறைகிறதா, குறையாமலே கொதிக்கிறதா?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் கணக்கு வேண்டும். பால் சொசைட்டியில் லிட்டர் கணக்கு எழுதுகிறோம் அல்லவா? அதுபோல ஒரு சிறு நோட்டில் தினமும் காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, எவ்வளவு ஊற்றினோம் என்று டிரைவரை எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் உண்மை தெரிந்துவிடும். மூடி இறுக்கமாக இருந்து, ஒழுக்கும் இல்லையென்றால் தண்ணீர் பெரிதாகக் குறையக் கூடாது. "பழைய வண்டி சார், தினம் ஒரு லிட்டர் குடிக்கும்" என்று சொல்லிவிட்டு இருந்துவிடக் கூடாது. எந்த இஞ்சினும் தண்ணீரைக் குடிக்காது. அது எங்கோ போகிறது.

தண்ணீர் குறைகிறது என்றால் போகிற வழிகள் நான்கு.

ஒன்று, ஹோஸ் குழாய்களும் கிளிப்புகளும். ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு, வீக்கம், களிபோல் கொழகொழப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். காய்ந்த வெள்ளைக் கறை அல்லது பச்சைக் கறை இருக்கிற இடத்தில் ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு, வாட்டர் பம்ப். பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அது ஓட்டையல்ல, வேண்டுமென்றே வைத்தது. அதன் வழியாகத் தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பம்பே போய்விடும்.

மூன்று, ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் வளையம் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் வழிவுக் குழாய் வழியாக வெளியே போகும். மூடியில் உள்ளே காற்றை இழுக்கிற சிறு வால்வு ஒன்றும் உண்டு. அது ஒட்டிக்கொண்டால், வண்டி ஆறியபின் ஹோஸ் சப்பி ஒட்டிப்போயிருக்கும். இந்த இரண்டில் எது இருந்தாலும் மூடியை மாற்றுங்கள். அதே அழுத்த எண் உள்ள மூடியே வேண்டும். இஞ்சினை இறக்கிப் பார்ப்பதற்கு முன்னால் மூடியைப் பாருங்கள். செலவில் மிகச் சிறியது அதுதான்.

நான்கு, வெளியே எங்கும் ஈரம் இல்லை, ஆனாலும் குறைகிறது. அப்போது தண்ணீர் இஞ்சினுக்குள் போகிறது. இதுதான் பயப்பட வேண்டிய இடம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் விரிந்திருக்கலாம். மூன்று சோதனை செய்யுங்கள். இஞ்சின் நன்றாக ஆறிய பின் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். சூடாவதற்கு முன்பே குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது. அடுத்து, ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை படிந்திருந்தால் அது வெறும் வேர்வையாகவும் இருக்கலாம். ஆகவே கம்பியைப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். மூன்றாவது, இஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்துகொண்டே இருப்பது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள். "இந்த நாலு ஏக்கர் முடியட்டும்" என்று ஓட்டினால் தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங்குகள் தேய்ந்து, கேஸ்கெட் செலவு முழு இஞ்சின் செலவாகிவிடும்.

இப்போது அடுத்த வகைக்கு வருவோம். தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனாலும் சூடேறுகிறது.

எப்போது சூடேறுகிறது என்று கவனியுங்கள். காரும் ஜீப்பும் சந்தைத் தெருவில் ஊர்ந்து போகும்போது சூடேறி, ரோட்டில் வேகமாகப் போனால் ஆறுகிறது என்றால், காற்றுக் குறை. விசிறி, பெல்ட் இரண்டையும் பாருங்கள். வேகமாகப் போகும்போதுதான் சூடேறுகிறது என்றால், பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில் குறை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும்.

டிராக்டருக்கு ரோட்டுக் காற்று கிடையாது. விசிறியை நம்பித்தான் இருக்கிறது. கதிர் அடிக்கும்போதும் ரொட்டவேட்டர் ஓட்டும்போதும் தூசியும் சுணையும் பறந்து வந்து ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் பாய் விரித்ததுபோல் படிந்துவிடும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும். விளக்கைப் பின்னால் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத இடம் அடைப்பு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப் பக்கமிருந்து, அதாவது பெரும்பாலான டிராக்டர்களில் இஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷரை நேரே அடித்தால் தகடு மடங்கிவிடும். கம்பியால் குத்தவே கூடாது. அறுவடைக் காலத்தில் இதைத் தினமும் மாலையில் செய்யலாம். பைசா செலவில்லாத வைத்தியம் இது.

விசிறி பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அமுக்கினால் சுமார் அரை அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் பெல்ட் வழுக்கும், விசிறியும் பம்பும் மெதுவாகச் சுற்றும். எண்ணெய் படிந்த பெல்ட்டும் வழுக்கும்.

பிறகு தெர்மோஸ்டாட். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருந்து, பல இஞ்சின்களில் 82 டிகிரி வாக்கில் திறக்கிற மடை அது. மடை மூடியபடியே மாட்டிக்கொண்டால் இஞ்சின் கொதிக்கும்; ரேடியேட்டரின் அடி ஹோஸ் மட்டும் சில்லென்றிருக்கும். அதைக் கழற்றி, கயிற்றில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் அடித்திருக்கிற டிகிரி வந்ததும் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். "அது எதுக்கு சார், தூக்கிப் போட்டுடலாம்" என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். கேட்காதீர்கள். இஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் வீணாகும், சிலிண்டர் தேயும். சில இஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, முன்பைவிட அதிகமாகவும் கொதிக்கும்.

முள் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். சூடு அளக்கும் குமிழ் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுதும் போய்விட்டால் முள் கீழே இறங்கி நிற்கும். இஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். முள் திடீரென்று இறங்கி, இஞ்சின் திணறினால் உடனே நிறுத்துங்கள்.

கடைசியாக, எந்தத் தண்ணீர் ஊற்றுவது? நம் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. வெந்நீர் போடுகிற அண்டாவின் அடியில் வெள்ளைப் பாறைபோல் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இஞ்சினின் உட்சுவரிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. நீங்கள் ஊற்றுகிற ஒவ்வொரு குடமும் படிவை இன்னும் தடிமனாக்குகிறது. ஒழுகுகிறது, ஊற்றுகிறோம், ஊற்றுவதால் அடைக்கிறது, அடைப்பதால் கொதிக்கிறது, கொதிப்பதால் இன்னும் ஊற்றுகிறோம். இந்தச் சுழலை நிறுத்த ஒழுக்கை அடைப்பதுதான் வழி. ஒழுக்குக்கு மஞ்சள்பொடி போடுகிற பழக்கமும் உண்டு. ஊர் வந்து சேர்வதற்கு உதவலாம். பிறகு அதுவே குழாய்களை அடைக்கும்.

பேட்டரிக் கடையில் விற்கிற சுத்த நீரும் கூலண்ட்டும் கலந்து ஊற்றுவதே நல்லது. கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். டப்பாவில் எழுதிய அளவில் கலக்க வேண்டும். அதிகமாகக் கலந்தால் லாபம் இல்லை. தண்ணீரைவிடக் கூலண்ட் குறைவான சூட்டையே சுமக்கும். சில டப்பாக்களில் ஏற்கெனவே கலந்தே விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். இரண்டு வகைக் கூலண்டைக் கலக்காதீர்கள். நிறம் ஒன்றாக இருந்தாலும் வகை வேறாக இருக்கலாம். மாற்றும்போது ரேடியேட்டர் அடித் திருகோடு இஞ்சின் பிளாக்கில் உள்ள திருகையும் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கூலண்டில் பெரும்பாலும் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம்; ஆனால் இனிக்கும். நாய் நக்கும், ஆடு மாடு குடிக்கும், சிறுநீரகம் கெட்டு உயிர் போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துத்தான். பழையதைத் தொழுவத்தின் ஓரத்திலோ வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள். பேசினில் பிடித்து, மூடி போட்ட கேனில் வைத்து, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். மீதியைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

ஆக, வரிசையை நினைவில் வையுங்கள். முதலில் மூடி, ஹோஸ், பெல்ட், தகடு. இவை நீங்களே பார்க்கக் கூடியவை. பிறகு தெர்மோஸ்டாட், பம்ப். கடைசியில்தான் ஹெட். மெக்கானிக் வரும்போது, "தண்ணி இவ்வளவு குறையுது, இந்த நேரத்துலதான் சூடேறுது, ஆயில் இந்த நிறத்துல இருக்கு" என்று உங்கள் நோட்டைக் காட்டுங்கள். தேவையில்லாமல் இஞ்சினைப் பிரிக்கும் செலவு உங்களுக்கு மிஞ்சும். நடுவயலில் வண்டி நின்று, ஈரம் காய்ந்து, பருவம் தவறிப்போவதும் மிஞ்சும்.