மழைக்கு முன் மோட்டாரைப் பார்ப்போம்

(படகுத் தொண்டர்களும் குடும்பத்தாரும் கலந்துகொண்ட கூட்டத்தில் டிரஸ்ட் சார்பில் ஆற்றிய உரை)



சகோதரர்களே, தாய்மார்களே! நம் சிந்தாதிரிப்பேட்டையைக் கூவம் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தை நம்மில் மறந்தவர் யாருமில்லை. அந்த நாட்களில் மீனவச் சகோதரர்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கமெல்லாம் மக்களைக் காப்பாற்றினார்கள். அதைப் பார்த்துத்தான் உங்கள் சதக்கா பணத்தில் ஒரு சிறு படகும், இரண்டு சிலிண்டர் உள்ள பழைய அவுட்போர்டு மோட்டாரும் வாங்கினோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அந்தப் படகு வேளச்சேரிப் பக்கம் போனது. ஆறு பேரை ஏற்றி வரும்போது, கைப்பிடியை எவ்வளவு முறுக்கியும் வேகம் வரவில்லை. இன்ஜின் முனகியது. நம் பிள்ளைகள் நடுத்தண்ணீரில் கார்புரேட்டரைக் கழற்றினார்கள். ஒரு ஸ்க்ரூ தண்ணீரில் விழுந்துவிட்டது. பிறகு துடுப்புப் போட்டுத்தான் வந்து சேர்ந்தோம். படகில் மூச்சுத்திணறலோடு ஒரு தாய் இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், அவர் பிழைத்தார். கரையில் மோட்டாரைத் தூக்கிப் பார்த்தால், விசிறியில் ஒரு புடவைத் துண்டு சுற்றியிருந்தது! கத்தியால் அறுக்க இரண்டு நிமிடம் போதும்.

தவறு பிள்ளைகளுடையது அல்ல. எதை முதலில் பார்ப்பது என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்று சொல்கிறோம்: வெளியே இருப்பதை முதலில் பாருங்கள், உள்ளே இருப்பதைக் கடைசியில் பாருங்கள்.

முதலாவது, விசிறி. இன்ஜினை நிறுத்தி, பிளக் ஒயர்களை உருவிய பிறகே கை வையுங்கள். துணி, பிளாஸ்டிக் பை, வலை நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறியும் படகு நகரவில்லை என்றால், விசிறியின் நடுவில் உள்ள ரப்பர் வழுக்குகிறது அல்லது பின் உடைந்திருக்கிறது.

இரண்டாவது, தண்ணீர். மோட்டார் கீழிருந்து தண்ணீரை இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பின்னால் மெல்லிய தாரையாக அது வெளியே வரவேண்டும். தாரை நின்றால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். தண்ணீர் இழுக்கும் துளையைப் பிளாஸ்டிக் மூடியிருக்கலாம். அதை எடுத்தும் தாரை வராவிட்டால் பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கும். அப்படியே ஓட்டினால் சூடேறி பிஸ்டன் இறுகிவிடும்.

மூன்றாவது, பெட்ரோல். டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருந்தால், சிறிது நேரம் ஓடிவிட்டு இன்ஜின் வலுவிழக்கும். குழாயின் நடுவில் உள்ள ரப்பர் பந்து சப்பிப்போயிருந்தால் அடைப்பு டேங்க் பக்கம் இருக்கிறது. பந்தை அமுக்கியதும் வேகம் வந்தால், பெட்ரோல் பம்ப் பலவீனம் அல்லது குழாயில் காற்று புகுகிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் பிரிந்து அடியில் தங்கும். ஆகவே பழைய பெட்ரோலை வைத்திருக்க வேண்டாம். நம் மோட்டாருக்கு 5 லிட்டருக்கு 100 மி.லி. ஆயில், குறையவும் கூடாது, கூடவும் கூடாது.

நான்காவது, பிளக். கரையில் வைத்து இரண்டையும் கழற்றிப் பாருங்கள். ஒன்று பழுப்பாகக் காய்ந்தும் மற்றது பெட்ரோலில் நனைந்தும் இருந்தால், நனைந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக்கை மாற்றிப் பாருங்கள்.

இவை நான்கும் சரியாக இருந்தும் வேகம் வராவிட்டால்தான் கார்புரேட்டரும் கம்ப்ரஷனும். அதைக் காசிமேட்டில் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். தண்ணீரில் வைத்துத் திறக்கவே வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன், ஞாயிறுதோறும் காலையில் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை 15 நிமிடம் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. படகில் எப்போதும் கத்தி, இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு பின், இரண்டு துடுப்பு, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. படகில் ஏறியபின் மோட்டார் நின்றால் பயந்து எழுந்து நிற்காதீர்கள். பிள்ளைகளை மடியில் அணைத்து உட்கார்ந்தே இருங்கள். எழுந்தால் படகு கவிழும். ஞாயிறு காலையில் உங்கள் மகன்களை அனுப்பிவையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்ன நபிமொழி நாம் அறிந்ததே. இந்த மோட்டார் நம்மிடம் உள்ள அமானிதம். இதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது நம் பொறுப்பு. இது தேவைப்படாத மழைக்காலமாக அல்லாஹ் ஆக்கித் தரட்டும். தேவைப்பட்டால் நம் கைகளுக்குத் தெளிவைத் தரட்டும். ஆமீன். வஸ்ஸலாம்.