உழைத்தவன் பணத்தைப் பிடித்து வைப்பது அறமாகுமா?
(யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



வேலையிழந்தவன் பட்டினி கிடத்தலாகாது என்று கருதிய பிரித்தானியா, 1911ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றிச் சில தொழில்களில் முதலாளியையும் தொழிலாளியையும் அரசையும் காப்புறுதிப் பணம் கட்டச் செய்தது. இலங்கையிலோ வேலையிழந்தோர்க்கென நாடளாவிய காப்புறுதி இல்லை. நமக்குள்ள காவலெல்லாம் மாதந்தோறும் சேரும் சேமிப்பே. அதனையும் கட்டாமல் விடுவோரை நாம் என்னென்று அழைப்பது?

1958ஆம் ஆண்டு, தமிழர் தாக்கப்பட்ட அதே ஆண்டு, ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டின் கொடுமையை நாம் மறக்கவில்லை. ஆயினும் அச்சட்டம் தரும் உரிமை நமக்கும் உரியதே. சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியிடம் கழிக்கப்படும். முதலாளி தம் கையிலிருந்து 12 வீதம் சேர்த்து, அடுத்த மாத முடிவுக்குள் செலுத்துதல் வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம் முதலாளியே கட்டுதல் வேண்டும். அதில் ஒரு சதமேனும் சம்பளத்திற் கழித்தலாகாது. வேலையை விட்டு நீங்கியவர், வயது எதுவாயினும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்நிதியைப் பெறலாம். வேலையற்ற காலத்துக்கு ஊன்றுகோல் இதுவே.

கணக்கைப் பாருங்கள். 40,000 ரூபா சம்பளம் பெறுபவருக்கு இரு நிதிகளிலும் மாதம் 9,200 ரூபா சேரும். பத்தாண்டில், வட்டி நீங்கலாகவே, 11,04,000 ரூபா! பதிவு செய்யாத முதலாளி பறிப்பது இதனையே.

விவசாயப் பெருமக்களே, இது பட்டணத்துக் கடைக்காரர் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் கடைகளிற் கணக்கெழுதுவோர் யார்? தோட்டத்தில் வியர்வை சிந்தி நீங்கள் படிப்பித்த பிள்ளைகள் அல்லவா? விதை வெங்காயத்தை விற்றுத் தின்றவன் அடுத்த போகத்துக்கு எதனை நடுவான்? சேமலாப நிதியும் அத்தகையதே.

“எங்கள் பிள்ளைபோல வைத்திருக்கிறோம், பதிவு எதற்கு?” என்பர் சில முதலாளிமார். பிள்ளையென்று உண்மையாகவே எண்ணுவோர் பிள்ளையின் முதுமைக்கு வழி செய்வர் அல்லரோ? கடையில் ஒருவரே வேலை செய்தாலும், அவர் தற்காலிக ஊழியரே ஆயினும், கடமை கடமையே. தாமதித்தால் நிலுவையின்மேல் 5 முதல் 50 வீதம் வரை மிகைக்கட்டணம் விழும்; நீதிமன்றத்தின் வாயிலாகவும் அறவிடப்படும்.

பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிலையத்தில், ஐந்தாண்டு நிறைந்தவருக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம்.

நம் மண்ணில் வேலை ஒரே நாளில் மறையக்கூடியது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் போரினால் நின்றதை நாம் கண்டோம். ஆலை நிற்கலாம், உழைத்தவன் பெயரிற் சேர்ந்த பணம் நிற்றலாகாது.

ஆகவே தோழர்களே, உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். சம்பளச் சிட்டையைப் பேணுங்கள். கிடையாதெனில் தொழில் அலுவலகத்தின் படியேறுங்கள். அந்நியரிடம் நீதி கேட்கும் நாம், நம் கடைவாசலிலும் நீதி செய்வோம்! பிறரிடம் உரிமை கேட்கும் தகுதி அதனாலேயே நமக்கு வாய்க்கும்.