கணக்கில் வராத கஷாயம்

கீமோ ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவர், சர்க்கரை மாத்திரை எழுதி வாங்கத் தெருமுனை டாக்டரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்கிறார். "இல்லைங்க" என்கிறார் நோயாளி. அவர் பொய் சொல்லவில்லை. காலையில் வெறும் வயிற்றில் குடித்த முள்சீத்தா இலைக் கஷாயம் அவர் கணக்கில் மருந்தே இல்லை, கை வைத்தியம். மைத்துனர் வாங்கிவந்த சூரணம் 'உடம்புக்குச் சத்து'. 'மருந்து' என்று கேட்டதால்தான் அந்த இரண்டும் பதிலில் வராமல் போயின. "கூடவே வீட்டுல என்னென்ன குடுக்குறாங்க?" என்று கேட்டிருந்தால் வந்திருக்கும். புற்றுநோயாளிகளிடம் மாற்று வைத்தியம் பற்றிப் பேசுவதில் குடும்ப மருத்துவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த முதல் கேள்வியிலேயே என்பது என் கருத்து.

இது நம் ஊருக்கு மட்டுமான சங்கதி அல்ல. அமெரிக்காவில் டேவிட் ஐசன்பர்க் குழுவினர் 1990-ல் பொதுமக்களிடம் நடத்திய கணக்கெடுப்பு 1993-ல் வெளியானது. மூன்றில் ஒருவர் ஏதோவொரு மாற்று முறையைக் கையாண்டிருந்தார். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லவே இல்லை. புற்றுநோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு 13 நாடுகளின் 26 ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் பார்த்தபோதும், சராசரியாக 31 சதவீதம் பேர் இந்த வழிகளை நாடியிருந்தார்கள்.

சொல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். மனச்சோர்வுக்காக மேலை நாடுகளில் கடையில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரினோடீகன் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில், அந்த மருந்தின் வேலை செய்யும் கூறு 42 சதவீதம் குறைந்துபோனதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2002-ல் காட்டினார்கள். ஐந்தே பேரிடம் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் வேகத்தை அந்த மூலிகை கூட்டிவிடுகிறது என்பதால் விளைவில் வியப்பில்லை. ஊசி ஏறுகிறது, பில் ஏறுகிறது, மருந்து மட்டும் பாதிதான் வேலை செய்கிறது. அது ஏன் என்று மருத்துவமனையில் யாருக்கும் தெரியாது.

"கேட்டால் அங்கீகரித்ததாக ஆகிவிடாதா, கண்டித்து அனுப்புவதுதானே டாக்டருக்கு அழகு?" என்று சிலர் சொல்வார்கள். யேல் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் இதற்குப் பதில் கிடைக்கும். குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் அறுவை, கீமோ, கரண்ட் வைப்பது எதுவும் வேண்டாமென்று மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேருக்கு, மரண அபாயம் மற்றவர்களைப்போல் இரண்டரை மடங்கு. ஆஸ்பத்திரி சிகிச்சையோடு சேர்த்துப் பிற முறைகளையும் கையாண்ட 258 பேரிடமும் அபாயம் இருமடங்காகத்தான் தெரிந்தது. ஆனால் அவர்களில் பலர் சிகிச்சையின் ஏதோ ஒரு பகுதியை மறுத்திருந்தார்கள். அந்த மறுப்பைக் கணக்கில் சேர்த்ததும் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பதிவேடுகளை அலசிய ஆய்வுகள் என்பதால் இவற்றை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது: அவர்களுக்குப் பெரிய ஆபத்து, சிகிச்சையை விட்டு விலகியது. அப்படியிருக்க, நோயாளியைத் திட்டி விரட்டும் டாக்டர் எந்தப் பக்கம் தள்ளுகிறார்?

"எங்களுக்குச் சித்த மருத்துவம் தெரியாதே" என்பது டாக்டர்களின் நியாயமான தயக்கம். தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, பெயர், அளவு, தொடங்கிய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் புற்றுநோய் நிபுணருக்கு அனுப்பினால் போதும். எல்லாவற்றுக்கும் 'கூடாது' என்று சொல்லவும் தேவையில்லை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் பதற்றத்துக்கு யோகாவும், ஹார்மோன் மாத்திரையால் வரும் மூட்டுவலிக்கு அக்குபங்சரும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்களிலேயே இடம்பெற்றுவிட்டன.

"மூலிகை என்றாலே இங்கிலீஷ் டாக்டருக்கு இளக்காரம்" என்ற குறையும் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்து எடுப்பதுதான். ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. அந்த அளவுக்கே விரல்நுனி மரத்துப்போகும். அதே செடியைப் பிடுங்கிக் கஷாயம் வைத்தால் உள்ளே போகும் அளவு யாருக்குத் தெரியும்? இதை ஏளனமில்லாமல் விளக்கினால் நோயாளி கேட்டுக்கொள்வார்.

இத்தனையும் பேச ஐந்து நிமிஷம் போதாது, வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் குடும்ப மருத்துவரிடம் நோயாளி மறுபடியும் வருவார். முதல் நாள் பெயரை எழுதிக்கொள்ளலாம், அடுத்த முறை அளவைக் கேட்கலாம். கீமோவே வேண்டாம் என்று ஒருவர் எழுந்துவிட்டாலும், "சரிங்க, ரெண்டு வாரம் கழிச்சு வந்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க. அந்தப் பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க" என்று சொல்ல அரை நிமிஷம் போதும்.