கணக்கில் வராத உழைப்பும் பொருளியல் பயிலும் பெண்களும்



பெண்கள் மிகுதியாகப் பொருளியல் பயில வேண்டும் என்பதைப் பெண்களுக்குக் காட்டும் சலுகையாகச் சிலர் கருதுகின்றனர். உண்மையில் அது அத்துறையின் தேவையாகும்.

விடியுமுன் தண்ணீர் சுமந்து, விறகு சேர்த்து, மாடுகளைப் பராமரிக்கும் கிராமப் பெண்ணிடம், "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கணக்கெடுக்க வந்தவர் வினவினால், "வேலை ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்றே பெரும்பாலும் விடை வரும். அவ்விடையே பதிவாகும், அவரது உழைப்பு கணக்கில் வராது. 1970-களில் பொருளியல் அறிஞர் தேவகி ஜெயின் வேறு வகையில் வினவினார். இராஜஸ்தான், மேற்கு வங்கச் சிற்றூர்களில் மக்கள் நாள் முழுதும் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று அவரது குழுவினர் ஆராய்ந்தனர். வேலையில் இல்லாதவராகக் கருதப்பட்ட பெண்கள் பலர் உற்பத்திப் பணிகளில் ஈடுபட்டிருந்தமை அதனால் புலனாயிற்று.

பின்னர் 1998-99-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் அரசு இத்தகைய முன்னோடி ஆய்வை மேற்கொண்டது. 2019-இல் அது நாடு தழுவி நடைபெற்றது. தம் குடும்பத்திற்காக ஊதியமின்றி வீட்டுப் பணி செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அப்பணி செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாக அது தெரிவித்தது. குடிநீர், எரிபொருள், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றுக்குத் திட்டமிடும் அலுவலருக்கு இவ்வெண்கள் இன்றியமையாதவை.

பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு 1969 முதல் வழங்கப்படுகிறது. அதனைப் பெற்ற முதல் பெண்மணி எலினார் ஆஸ்ட்ரம், ஆண்டு 2009. எஸ்தர் டஃப்லோ 2019-இலும், பெண்களின் உழைப்புச் சந்தையை ஆராய்ந்த கிளாடியா கோல்டின் 2023-இலும் பெற்றனர். 2025 வரை பெற்ற பெண்கள் இம்மூவரே.

மாணவியரே, மேல்நிலைப் பள்ளியில் கணிதத்தைக் கைவிடாதீர்கள். கணிதமின்றி முதுகலையில் பொருளாதார அளவையியல் கடினமாகும். 1961-இல் தோன்றிய இந்தியப் பொருளாதாரப் பணிக்கும் முதுகலைத் தகுதி தேவை. கல்லூரிகள் கணிதத்தில் பின்தங்கிய மாணவியருக்குத் துணை வகுப்புகள் நடத்தலாம். கள ஆய்வுக்குச் செல்லும் பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடமும் போக்குவரத்தும் அளிப்பது அலுவலர்களின் கடமையாகும்.

அக்கிராமப் பெண்ணிடம் கேட்கவேண்டிய வினாவை வகுக்கும் இடத்தில் நாளை நீங்கள் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.